எடை குறைந்த பழைய செமி-ஹாலோ கிட்டார்: உள்ளே கட்டை வேண்டுமா, வேண்டாமா?

குடையாத திட உடல் கொண்ட லெஸ் பால் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு முழுக் கச்சேரியை நின்றபடி வாசித்தவர்களுக்கு நாலு, நாலரை கிலோ என்றால் என்னவென்று தெரியும். முதல் அரை மணி நேரம் ஒன்றும் தோன்றாது. பிறகு இடது தோள் இறுகும், கழுத்து பிடிக்கும், வீட்டுக்கு வந்தபின் இடுப்பு வலிக்கும். இப்படி அவதிப்பட்டவர்கள் அடுத்துத் தேடிப் போவது பெரும்பாலும் செமி-ஹாலோவை, அதாவது பாதி குடைந்த கிட்டாரைத்தான். குடைந்த உடல், எஃப் வடிவத் துளைகள், பழைய ப்ளூஸ், ஜாஸ் பதிவுகளில் கேட்டுப் பழகிய அந்த விரிந்த நாதம் எல்லாம் சேர்ந்து இழுக்கும். உள்ளே காலியாக இருப்பதால் எடையும் குறைவாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இங்கேதான் நிறையப் பேர் பணத்தைக் கொட்டிவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். செமி-ஹாலோ என்று சொல்லி விற்கப்படும் பழைய கிட்டார்களில் இரண்டரை கிலோவும் உண்டு, நாலு கிலோவைத் தாண்டியதும் உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வித்தியாசம் முழுக்க உள்ளே ஓடும் ஒரு மரக்கட்டையில் இருக்கிறது.

அந்தக் கட்டை எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் எதை வாங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும். 1950-களில் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்கள் பெரிதாகிச் சத்தம் கூடக்கூட, முழுக்கக் குடைந்த கிட்டார்கள் ஊளையிட ஆரம்பித்தன. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி கிட்டாரின் மேற்பலகையை அதிரவைக்கிறது. பலகையின் அதிர்வு தந்திக்கும், தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்புக்கும் போகிறது. அது மறுபடி ஆம்ப் வழியாக இன்னும் பெரிதாகி வெளியே வருகிறது. இந்தச் சுழற்சிதான் ஃபீட்பேக். டெட் மெக்கார்ட்டி தலைமையில் இயங்கிய கிப்சன் நிறுவனம் 1958-இல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஆலையிலிருந்து இஎஸ்-335 கிட்டாரைக் கொண்டுவந்தது. 16 அங்குல அகலம், இரண்டு அங்குலத்துக்கும் குறைவான தடிமன், அடுக்குப் பலகையில் வளைத்த மேலும் கீழும். நடுவே கழுத்திலிருந்து வால்வரை ஒரு மேப்பிள் கட்டை. பிக்கப்பும், தந்தி ஏறி நிற்கும் பிரிட்ஜும், தந்தியின் முனையைப் பிடிக்கும் டெயில்பீஸும் அந்தக் கட்டையில் அமர்கின்றன. இரண்டு பக்கச் சிறகுகள் மட்டும் காலி. ஊளை அடங்கியது, நாதமும் நீண்டு நின்றது. ஆனால் மேப்பிள் கனமான மரம். அந்தக் காலத்து 335-கள் பெரும்பாலும் 3.4 கிலோவிலிருந்து 3.9 கிலோவரை வருகின்றன. லெஸ் பாலைவிடக் குறைவுதான். எடைக்காகவே கிட்டாரை மாற்றும் ஒருவருக்கு அந்தக் குறைவு போதாமல் போகலாம்.

அடுத்த ஆண்டு, 1959-இல், அதே ஆலையிலிருந்து இஎஸ்-330 வந்தது. அகலமும் தடிமனும் கொம்புகளும் 335 போலவே. கட்டை மட்டும் இல்லை. கணக்குப்படி இது முழு ஹாலோ கிட்டார். ஆனாலும் கடைகளிலும் விளம்பரங்களிலும் இதைச் செமி-ஹாலோ வரிசையில்தான் வைக்கிறார்கள், தேடுகிறவரும் அங்கேதான் பார்க்கிறார். எடை பெரும்பாலும் 2.5-இலிருந்து 2.8 கிலோவுக்குள். கையில் எடுத்த முதல் நொடியிலேயே அந்த வேறுபாடு தெரியும். 335-இல் உள்ள, இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்குப் பதில் பி-90 என்ற சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப். ஓரம் கூர்மையான, நடுப்பகுதி தடித்த ஒலி. ஜாஸ் கலைஞர் கிராண்ட் கிரீன் தன் ஆரம்பகாலப் பதிவுகளில் வாசித்தது 330-தான். ஒற்றை ஸ்வரங்களிலேயே ஒரு பாட்டைக் கட்டி எழுப்பும் அவருடைய வாசிப்பைக் கேட்டவர்களுக்கு இந்தக் கிட்டாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

எபிபோன் கசினோ பற்றியும் இங்கேயே பேசிவிடலாம். எபிபோன் நிறுவனத்தை 1957-இல் கிப்சனின் தாய் நிறுவனம் வாங்கியது. 1961-இல் வந்த கசினோ அதே கலமசூவில், அதே உடலோடும் பி-90 பிக்கப்போடும் செய்யப்பட்டது. தலைப்பலகையின் வடிவமும் சில அலங்காரங்களும்தான் வேறு. 1964-இல் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி ஒன்று வாங்கினார். 1966-இல் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் வாங்கினார்கள். அதன்பிறகு 60-களின் கசினோவுக்கு விலை தனியாக ஏறிவிட்டது. பீட்டில்ஸ் மீது பற்று இருந்து, அந்தப் பெயரே கையில் வேண்டும் என்றால் கொடுங்கள். காதுக்கும் தோளுக்கும் என்றால் அதே வயதுள்ள 330 போதும். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல ஆம்ப் வாங்கலாம்.

330-இன் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் குறை ஊளை. ட்ரம்ஸ் அடிக்கும் குழுவில், ஆம்பின் சத்தத்தைக் கூட்டி வைத்து, டிஸ்டார்ஷன் ஏற்றி வாசிப்பவர் என்றால் இந்தக் கிட்டார் உங்களைப் பாடாய்ப் படுத்தும். ஆம்புக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்பது, குறைந்த அலைவரிசைகளை வெட்டுவது, எஃப் துளைகளில் நுரைப்பஞ்சு அடைப்பது என்று வழிகள் உண்டு, அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டாவது, சிங்கிள் காயில் இரைச்சல். பழைய மின்கம்பி வேலை செய்த கட்டடங்களிலும், டிம்மர் விளக்குகள் உள்ள மேடைகளிலும் பி-90 உம்மென்று இரையும். மூன்றாவது, கழுத்து. ஆரம்பகால 330-களில் கழுத்து 16-ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) உடலோடு சேர்கிறது. அதற்கு மேலே விரல் போவது கஷ்டம். 1968-இல் கழுத்தை 335 போல வெளியே நீட்டினார்கள். மேல் ஃப்ரெட்கள் கைக்கு வந்தன. கூடவே வேறொரு தொந்தரவும் வந்தது.

அது தலை சாய்வது. எடை குறைந்த கிட்டார் தேடுகிறவர்கள் அதிகம் கவனிக்காத விஷயம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். உடல் இலேசாகி, கழுத்து வெளியே நீண்டால், ஸ்ட்ராப்பில் தொங்கும்போது தலைப்பக்கம் கீழே இறங்கப் பார்க்கும். அதைத் தாங்கிப் பிடிக்கும் வேலை இடது கைக்கு வந்துவிடும். தோளிலிருந்து ஒரு கிலோவை இறக்கி மணிக்கட்டில் ஏற்றியதாக ஆகும். தராசில் 2.6 கிலோ காட்டும் கிட்டார், ஒரு மணி நேரம் நின்று வாசித்தால் சமநிலையுள்ள 3.2 கிலோ கிட்டாரைவிட அதிகமாகக் களைப்பாக்கலாம். யாரோ பின்னாளில் தந்தியை முறுக்கும் ட்யூனர்களை எடுத்துவிட்டு க்ரோவர் போன்ற கனமானவற்றைப் போட்டிருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அந்த எடை முழுவதும் நெம்புகோலின் கடைசி நுனியில் உட்காருகிறது. முதலில் வந்த க்ளூசன் வகை ட்யூனர்கள் இலேசானவை. உள்பக்கம் சொரசொரப்பான தோல் வைத்த அகல ஸ்ட்ராப் ஓரளவு பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்து வாசிப்பவருக்கு இது பெரிய பிரச்சினையே இல்லை. நின்று வாசிப்பவர் 16-ஆவது ஃப்ரெட்டில் சேரும் பழைய கழுத்தைத் தேடுவது நல்லது.

கட்டை கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு 335-ஐயே பார்க்கலாமா? மனம் கேட்கும், விலை கேட்காது. 1958-இலிருந்து 1964-வரை வந்தவை இன்று சேகரிப்பாளர்களின் பொருள். எரிக் கிளாப்டன் வைத்திருந்த 1964 மாடல் 335, 2004-இல் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் 8,47,500 டாலருக்குப் போனது. அது ஒரு நட்சத்திரத்தின் கிட்டார் என்பதால் வந்த விலை. ஆனால் அந்த ஆண்டுகளின் சாதாரண 335-உம் சாதாரண வாசிப்பாளர் தொடும் விலையில் இல்லை. 1965-க்குப் பிறகு நட்டின் (தலைப்பக்கத்தில் தந்திகள் ஏறிச் செல்லும் துண்டு) அகலம் ஏறத்தாழ 43 மில்லிமீட்டரிலிருந்து 40-க்குக் குறுகியது, டெயில்பீஸ் உடலின் ஓரத்தில் மாட்டும் ட்ரெப்பீஸ் வகையாக மாறியது, விலையும் இறங்கியது. விரல் மெலிந்தவர்களுக்குக் குறுகிய நட் ஒரு குறையே இல்லை. கிட்டார் கலைஞர் லாரி கார்ல்டன் தன் பெயரோடு ஒட்டிக்கொண்ட 335-ஐ வாங்கியது 60-களின் கடைசி உற்பத்தியிலிருந்துதான். எடை விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை: 70-களின் நடுவிலிருந்து கழுத்துக்கும் மேப்பிள் வந்தது, கிட்டார் கனத்தது. ஸ்டீரியோ வயரிங்கும், ஒலியின் நிறத்தை மாற்றும் வாரிட்டோன் சுவிட்சும் வைத்த கிப்சன் 345, 355 மாடல்களில் உள்ளே ஒரு காயில் பெட்டியே இருக்கும். நாலு கிலோவைத் தாண்டுவது அங்கே சகஜம். தோள்வலிக்காரர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கட்டையும் வேண்டும், எடையும் குறைய வேண்டும், விலையும் கட்டுப்பட வேண்டும் என்பவருக்கு நான் முதலில் சொல்வது கில்ட் ஸ்டார்ஃபயர். நியூயார்க்கில் 1952-இல் தொடங்கிய கில்ட், பிறகு நியூ ஜெர்சியின் ஹோபோக்கனுக்கும் 60-களின் பிற்பகுதியில் ரோட் ஐலண்டின் வெஸ்டர்லிக்கும் ஆலையை மாற்றியது. ஸ்டார்ஃபயர் வரிசையில் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்: இரண்டும் மூன்றும் கழுத்தருகே ஒரு பக்கம் மட்டும் உடலை வெட்டிய (ஒற்றை வெட்டு) முழு ஹாலோ, 1963-இல் வந்த நான்கும் அதற்கு மேலும் இரட்டை வெட்டு, நடுவில் கட்டை. நான்காம் எண் கிட்டார்களில் மகோகனி உடல் கொண்டவை பல. மகோகனி மேப்பிளைவிட இலேசு. அதனால் மூன்றரை கிலோவுக்குக் கீழே ஒன்றைப் பிடிப்பது கஷ்டமில்லை. கில்டின் பழைய சின்ன ஹம்பக்கர்கள் கிப்சனுடையதைவிடத் தெளிவாக, கொஞ்சம் வெளிச்சமாக ஒலிக்கும். ப்ளூஸ் கலைஞர் பட்டி கை (Buddy Guy) 60-களின் கடைசியில் ஒரு ஸ்டார்ஃபயர் நான்கை வைத்து வாசித்தவர். நரம்பு புடைக்க வாசிக்கும் அவருக்கே அது தாங்கியது. இத்தனை இருந்தும் ஒரே வயதுள்ள 335-ஐவிட விலை வெகுவாகக் குறைவு. கிப்சன் என்ற பெயர் தலையில் இல்லை என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வழி ஃபெண்டரின் டெலிகாஸ்டர் தின்லைன். 60-களின் பிற்பகுதியில் இலேசான ஆஷ் மரம் கிடைப்பது அரிதானபோது, எடையைக் குறைக்கவே இதை உருவாக்கினார்கள். அதாவது இங்கே இலேசு என்பது தற்செயலாக வந்த பலன் அல்ல, வடிவமைப்பின் நோக்கமே அதுதான். வடிவமைத்தவர் ஜெர்மானியரான ரோஜர் ராஸ்மைஸில். அதற்கு முன்பு ரிக்கன்பேக்கரின் புகழ்பெற்ற குடைவுக் கிட்டார்களை வடிவமைத்தவரும் அவரே. 1968-இல் வந்த முதல் தின்லைனில் உடலைப் பின்பக்கமிருந்து குடைந்து மெல்லிய பலகையால் மூடினார்கள். முன்னால் ஒரே ஓர் எஃப் துளை. எடை மூன்று கிலோவை ஒட்டி வரும், அதற்குக் கீழேயும் கிடைக்கும். கழுத்து போல்ட் போட்டது, தலைப்பலகை சாயாமல் நேராக இருப்பது. அதனால் கீழே விழுந்தாலும் கழுத்து முறிவது அபூர்வம். பழைய கருவி வாங்குகிறவருக்கு இது பெரிய நிம்மதி. ஊளையும் குறைவு. 1972-இல் சேத் லவர் வடிவமைத்த வைட் ரேஞ்ச் ஹம்பக்கர்களோடு இரண்டாம் வடிவம் வந்தது. கிப்சனுக்காக 50-களில் ஹம்பக்கரை உருவாக்கிய அதே சேத் லவர்தான். அந்த ஒலி தனி ருசி. ஆனால் தின்லைனை வாங்கிவிட்டு 335 போல ஒலிக்கவில்லை என்று குறைப்படக் கூடாது. தந்தியின் அளவே வேறு: ஃபெண்டர் 25.5 அங்குலம், கிப்சன் 24.75. விரலுக்கு இழுப்பு கூடுதல், ஒலியில் மினுக்கம் கூடுதல், வயிற்றிலிருந்து எழும் அந்தக் கனம் குறைவு.

மற்றவற்றைச் சுருக்கமாகவே பார்க்கலாம். ரிக்கன்பேக்கர் 330 (கிப்சன் 330 அல்ல) அழகான கருவி, ஆனால் மேப்பிளைக் குடைந்து செய்தது. எடைக்காகத் தேடுகிறவருக்குப் பெரிய லாபம் இல்லை. 70-களின் இறுதியில் ஜப்பானில் வந்த ஐபனெஸ் ஏஎஸ்-200 கைவேலையில் அமெரிக்கக் கிட்டார்களுக்குச் சமமாக நிற்கும். ஜாஸ் கலைஞர் ஜான் ஸ்கோஃபீல்ட் பல பத்தாண்டுகளாக வாசிப்பது அதைத்தான். அதுவும் இலேசல்ல. 1970-இல் எபிபோன் உற்பத்தி ஜப்பானின் மாட்சுமோகு ஆலைக்குப் போனபிறகு வந்த மெல்லிய, போல்ட் கழுத்துக் கிட்டார்கள் இலேசானவை, விலையும் குறைவு. வாசிப்புத் தரம் கிட்டாருக்குக் கிட்டார் மாறும் என்பதால் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. சிகாகோவின் ஹார்மனி நிறுவனம் செய்த ராக்கெட் மிக இலேசு, அதன் டிஆர்மண்ட் பிக்கப்களுக்கு இன்று பெரிய ரசிகர் கூட்டமே உண்டு. ஆனால் பலவற்றில் கழுத்து காலப்போக்கில் முன்னால் சாய்ந்து தந்தி மேலே தூக்கிக்கொண்டிருக்கும். கழுத்தைக் கழற்றித் திரும்ப ஒட்டும் கூலி கிட்டாரின் விலையையே எட்டிவிடலாம். நல்ல பழுதுபார்ப்பவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

என் தீர்ப்பு இது. வீட்டிலும், சின்ன அறைகளிலும், பாடகரோடு சேர்ந்தும், மிதமான சத்தத்தில் வாசிப்பவர் 1960-களின் இஎஸ்-330-ஐ எடுக்க வேண்டும்; அந்த எடையில் அந்த நாதத்துக்கு நிகர் இல்லை. ட்ரம்ஸுக்கு முன்னால் நின்று வாசிப்பவர் ஸ்டார்ஃபயர் நான்கை எடுக்கலாம். முதுகில் ஏற்கெனவே மருத்துவர் கைவைத்திருந்து, மேடைச் சத்தமும் பெரிதென்றால் தின்லைன். அசல் 335-ஐ, பணம் தாராளமாக இருந்து, 3.4 கிலோவுக்கு அருகில் ஒன்று கண்ணில் பட்டால் மட்டும் யோசிக்கலாம்.

விலையைக் குறைக்க நேர்மையான வழி ஒன்று உண்டு. கிப்சன் கிட்டார்களில் தலைப்பலகை பின்னால் சாய்ந்திருப்பதாலும், கழுத்தை வளையாமல் தாங்கும் கம்பியான ட்ரஸ் ராடுக்காக அங்கே மரம் குடையப்பட்டிருப்பதாலும், நட்டுக்குப் பின்னால் முறிவது அடிக்கடி நடக்கும். முறிந்து ஒட்டிய கிட்டாருக்குச் சந்தையில் ஏறத்தாழ பாதி விலைதான். மறுபூச்சுப் பூசியதற்கும் அப்படியே. ஒட்டு நன்றாகப் போட்டிருந்தால் ஒலியிலும் உழைப்பிலும் வாசிப்பவர் குறை காண மாட்டார். விற்று லாபம் பார்க்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கு இப்படிப்பட்ட 330 கிடைத்தால் விடாதீர்கள். முறிவை மறைத்து விற்பதுதான் குற்றம். அதனால் நட்டுக்குப் பின்பக்கம் நல்ல வெளிச்சத்தில் படம் கேளுங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவற்றில் முதலாவது எடை, அதுவும் தராசின் மேல் கிட்டார் இருக்கும் படத்தோடு. ஒரே ஆண்டு, ஒரே மாடலில்கூட அரை கிலோ வித்தியாசம் வருவதுண்டு, விற்பவரின் கை நிதானத்தை நம்ப முடியாது. அடுத்தது வயது. கிப்சன் 60-களில் ஒரே வரிசை எண்ணைப் பல ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் போட்டதால், எண்ணை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது. வால்யூம் குமிழ்களுக்கு அடியில் உள்ளே இருக்கும் பாட் எனும் மின்பாகங்களில் உள்ள எண் கைகொடுக்கும்: 137 6832 என்றிருந்தால், 137 தயாரித்த நிறுவனம், 68 ஆண்டு, 32 அந்த ஆண்டின் வாரம். கிட்டார் அந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்க முடியாது, பாட்டை யாரும் மாற்றாமல் இருந்தால். கட்டை இல்லாத 330-இல் எஃப் துளை வழியாகச் சின்னக் கண்ணாடி விட்டே இதைப் பார்த்துவிடலாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர், கழுத்தின் மேல் விரல் அழுத்தும் பலகையான ஃப்ரெட்போர்டின் மரத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 60-களின் நடுப்பகுதிவரை கிப்சன் பயன்படுத்தியது பிரேசில் ரோஸ்வுட். 1992-இலிருந்து அது சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதிச் சான்று இல்லாமல் எல்லை தாண்டினால் கருவி பறிமுதலாகலாம். அதன்பின் வந்தவற்றில் பெரும்பாலும் இந்திய ரோஸ்வுட், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி. செய்து முடித்த இசைக்கருவியில் இருக்கும் ஈட்டிக்கு 2019 இறுதியிலிருந்து அந்தச் சான்று தேவையில்லை. 1967 மாடல் 330-ஐ 1962 மாடலுக்கு மேலாக நான் பரிந்துரைக்க இதுவும் ஒரு காரணம். என்றாலும் மாறிய காலம் சில மாதங்கள் முன்பின் இருக்கும் என்பதால், எந்த மரம் என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, திருப்பி அனுப்ப எத்தனை நாள் தருகிறார் என்பதையும் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள். கிட்டார் வந்ததும் அந்த நாட்களுக்குள் உங்கள் சொந்த ஆம்பில், நீங்கள் வழக்கமாக வாசிக்கும் சத்தத்தில், நின்றபடி ஒரு மணி நேரம் வாசித்துப் பாருங்கள்.